பதினான்கு வருடத் தாமதத்துக்குக் காரணம்

1.

இந்தக் கதை ஒரு பிரமாண வாக்குமூலமாகத் தொடங்கியது. கதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. வக்கீல் சாராள் ஒரு கத்தை வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "நடந்ததை நடந்த மாதிரி நம்பர் போட்டு எழுதிக் கொண்டாங்க சார், நான் சுருக்கி டைப் பண்ணிக்கறேன்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நாலு பக்கம் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க சார், கதை மாதிரி இருக்குது?"

"நடந்ததுதானுங்க."

"நடந்ததா இருக்கலாம். ஜட்ஜு நம்பணுமே."

அந்த நாலு பக்கம்தான், வாசகரே, இப்போது உங்கள் கையில் இருப்பது. பிறகு நடந்ததையும் சேர்த்ததில் கொஞ்சம் நீண்டுவிட்டது. எண்களை எடுக்கவில்லை. அடித்த இடங்களையும் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். நான் கோயம்புத்தூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முகூர்த்த மாதங்களில் நாளொன்றுக்கு முப்பது கல்யாணப் பத்திரிகை என் கைவழியே போகும். சிறுபத்திரிகைகளில் எட்டுக் கதை எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றைக்கூட நம்ப முடியவில்லை என்று யாரும் சொன்னதில்லை. இதைத்தான் நம்பமாட்டார்களாம்.

2.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைத்துத் திடுக்கிட வைக்கிற உத்தியெல்லாம் எனக்குக் கைவராது.

1981 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. என் அக்கா ராசாத்தாளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னேன். ஆகவில்லை. நான் அன்றைக்கு வக்கீலைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. இது காரணம் அல்ல, தகவல்.

இப்போது 1996. அக்காவுக்கு முப்பத்தெட்டு. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறாள். அங்கே ஸ்டோர்ஸில் இருக்கும் பாக்கியசாமியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அவர் மனைவியை இழந்தவர், கிறிஸ்தவர், அதிர்ந்து பேசாதவர். ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அங்கே கேட்டது ஒன்றே ஒன்று: "பழைய கல்யாணம் முறிஞ்ச தீர்ப்பு நகல் கொண்டாங்க. மூணு மாசத்துக்குள்ள வரலீன்னா இந்த நோட்டீஸ் செல்லாது."

"அதுக்கென்னங்க, தாராபுரம் கோர்ட்டுல இருக்குது. என்ற தம்பி வாங்கித் தந்துருவான்" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள்.

3.

தொடக்கம் அ: "மேற்படி மனுதாரரின் உடன்பிறந்த தம்பியாகிய நான், கடவுள் அறிய —" [இதில் என் குரலே இல்லை என்று அடித்தேன். வாக்குமூலத்துக்குக் குரல் எதற்கு என்று சாராள் கேட்டார்.]

தொடக்கம் ஆ: "அமராவதியில் அன்று தண்ணீர் இரு கரையும் தொட்டு —" [தொடவில்லை. தொட்டிருந்தாலும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுதுகிறவனுக்கு ஒரு ஆறு கிடைத்தால் சும்மா இருக்க முடிவதில்லை.]

தொடக்கம் இ: "வக்கீல் கோவிந்தராஜுலுவின் குமாஸ்தா, ஐயா மூன்று மணிக்கு மேல்தான் வருவார் என்றார்."

இதை வைத்துக்கொண்டேன். இதில் பொய் இல்லை.

4.

அக்கா கல்யாணமாகி இரண்டு வருடம் பாலுசாமி வீட்டில் இருந்தாள். 1980 ஆடியில் ஒரு துணிப்பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் அப்பா தாராபுரம் கோர்ட்டில் அவளை மனுதாரராக வைத்து விவாகரத்து மனுப் போட்டார். மனு அங்கே இருக்கும்போதே இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கோயிலில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டார்கள். நகையும் சீர்ப் பாத்திரங்களும் வந்தன, தாலி போயிற்று. எல்லாம் மரியாதையாக நடந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம்.

மிச்சம் இருந்தது கோர்ட் மட்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டாயிற்று, ராசாத்தாள் என்றைக்கு வந்து கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டுவர அப்பா என்னை அனுப்பினார். நான் பதினொரு மணிக்குப் போனேன். மூன்று மணி வரை என்ன செய்வது? பக்கத்தில் தியேட்டர் இருந்தது. பாதியில் எழுந்து வந்துவிடலாம் என்று மதியக் காட்சிக்குப் போனேன். உள்ளே மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தது. வெளியே வந்தபோது மணி ஐந்தரை. வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டார். நாளைக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் அடுப்படியில் இருந்தார்கள். அக்கா தோசை தின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா கண்ணு?" என்றார் அப்பா.

போன காரியம் முடிந்ததா என்றுதான் கேட்டார். வக்கீல் இல்லை என்று சொன்னால், மூன்று மணிக்கு எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன்.

"எல்லாமே முடிஞ்சுதுங்க. தீர்ப்பே ஆயிப்போச்சுங்க."

"ராசாத்தா கூண்டுல ஏறோணுமா?"

"வேண்டியதில்லீங்க."

அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண்பிள்ளை கோர்ட்டில் நிற்கும்படி ஆகிவிடுமோ என்று ஒன்பது மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள். அப்பா என் தோளைத் தட்டினார். அதற்கு முன்னால் அவர் என் தோளைத் தட்டியதில்லை. அதற்குப் பிறகு எப்படி வாசகரே வாயைத் திறப்பது? அந்த வீட்டில் எல்லாருக்கும் அன்று சந்தோஷம்.

5.

[இந்த இடத்தில் சாராள் ஓரத்தில் எழுதியது: "பதினஞ்சு வருஷமா ஒருத்தர்கூடத் தீர்ப்பு நகல் கேக்கலையா? நம்ப முடியல."]

நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்க்காரராக இருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டார்.

கல்யாணத்தைத் தீர்த்துவிட்ட எழுத்தை எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் வைப்பதில்லை. அது தங்குகிற வீட்டில் அடுத்த கல்யாணம் நிலைக்காது என்பார்கள். கோயிலில் எழுதியதைப் பூசாரி மடித்து எடுத்துக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று இரு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை, கேட்பதே தப்பு. அதே நியாயம்தான் கோர்ட்டுக்கும். தோசை தின்று முடித்ததும் அப்பா சொன்னார்: "அந்தத் தாளு அங்கயே கெடக்கட்டும். ஊட்டுக்குள்ள கொண்டாந்துறாதே சாமி. உனக்கொரு கல்யாணம் ஆகோணும்."

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நன்றாகத்தான் இருக்கிறோம்.

6.

கார்டு விஷயம். இதை வாக்குமூலத்தின் முதல் படியில் எழுதவில்லை. இரண்டாம் படியிலும் எழுதவில்லை.

வக்கீல் கோவிந்தராஜுலு இரண்டு அஞ்சலட்டை போட்டார். ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. இரண்டும் அக்கா பேருக்கு. "தாங்கள் இன்ன தேதி நேரில் வரவும்" என்று பச்சை மையில் எழுதியிருந்தது. தபால்காரர் சைக்கிள் வருகிற நேரத்துக்கு நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கப் பழகியிருந்தேன். முதல் கார்டைக் கிணற்றில் போட்டேன். அது மிதந்தது. இறங்கி எடுத்து அடுப்பில் போட்டேன். இரண்டாவதை நேரே அடுப்பில் போட்டேன்.

7.

பாத்திரப் படைப்பு பற்றி ஒரு வார்த்தை. பாலுசாமியை என்னால் சரியாக எழுத முடியவில்லை. ஒரு பெண் துணிப்பையோடு வந்துவிட்டாள் என்றால், வாசகர் ஒரு கெட்ட ஆளை எதிர்பார்ப்பார். குடிகாரனாக ஒரு படியில் எழுதிப் பார்த்தேன். அவர் குடிக்க மாட்டார். இன்னொரு படியில் அவர் அம்மாவைக் கொடுமைக்காரியாக்கினேன். அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு முறுக்கு வாங்கி வருவார்.

அக்கா ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. மனுவில் என்ன காரணம் எழுதினார்கள் என்பது அப்பாவுக்கும் வக்கீலுக்கும் தெரியும், இரண்டு பேரும் இப்போது இல்லை. "ஒத்து வரலீங்க" என்றுதான் ஊரில் சொன்னோம். அது போதுமானதாக இருந்தது. கதைக்குப் போதவில்லை என்பதால் இங்கே ஒரு காரணத்தை [ஒரு பத்தி முழுக்க அடிக்கப்பட்டது].

8.

இனிப் பதிவு தேடிய படலம். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.

இல்லாத தீர்ப்புக்கு நகல் கேட்டு மனு எழுதுவது எப்படி? முறைப்படி எழுதினேன். கோர்ட் கட்டண வில்லை ஒட்டினேன். தாராபுரம் கோர்ட்டின் நகல் பிரிவில் லட்சுமிநாராயணன் என்று ஒரு எழுத்தர். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம் என்றார். மனுவை வாங்கி, "கேஸ் நம்பருங்க?" என்றார்.

"தெரியலீங்க."

"வருசமாச்சும் தெரியுமுங்களா?"

பக்கத்தில் அக்கா நின்றாள். கை முந்திக்கொண்டு நான் 1980 என்று எழுதினேன். அவர் அந்த வருடப் பதிவேட்டை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லீங்களே" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பத்து நாள் கழித்து மறுபடி பல்லடம் வழியே பஸ் பிடித்துப் போனோம். 1982 என்று எழுதினேன். அதிலும் தேடினார். அதிலும் இல்லை.

மூன்றாம் தடவை போனபோது மனுவை நீட்டுவதற்கு முன்பே அவர் சொன்னார்: "ஏனுங்க, அந்த ரெண்டு வருசத்துக்கும் நடுவுல ஒரு வருசம் இருக்குதுங்களே?"

"அட, ஆமாங்க" என்றாள் அக்கா. "எம்பத்தி ஒண்ணுதான். நான் அப்பவே சொன்னேன் இவங்கிட்ட."

அவள் சொல்லவில்லை. என்னை விட்டுக்கொடுக்காமல் அவளாகச் சொன்னது. என் மறதியை மறைக்கிறாளாம். எனக்கு அந்த இடத்தில் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

9.

லட்சுமிநாராயணன் 1981ஐ எடுத்துவந்தார். பக்கம் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. வரியின் கடைசிக் கட்டம் வரை போனது. திரும்பவும் முதலிலிருந்து போனது.

"உக்காருங்க அம்மணி" என்றார்.

"பரவால்லீங்க, படியுங்க."

"எம்பத்தி ரெண்டு மார்ச்சு பதினாறு. மனுதாரர் ஆஜரில்லை. தள்ளுபடி."

"தள்ளுபடின்னா என்னங்க?"

"நீங்க வரலீன்னு கேஸை முடிச்சுப்போட்டாங்க."

"அப்பத் தீர்ப்பு?"

"தீர்ப்புன்னு ஒண்ணு இல்லீங்களே."

"அப்ப நானு?"

லட்சுமிநாராயணன் பதிவேட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கோர்ட்டப் பொறுத்த மட்டுக்கும் நீங்க இன்னும் பாலுசாமிங்கறவரோட சம்சாரமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

இதற்கு அக்கா என்ன செய்தாள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அ: மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ஆ: வாய்விட்டுச் சிரித்தாள், தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இ: மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மூன்றும் இல்லை. "அந்த வரிக்கு நகல் கிடைக்குங்களா?" என்று கேட்டாள்.

"கிடைக்குமுங்க. நகல் எழுதற முத்திரைத் தாளு எத்தனை வேணும்னு நோட்டீஸ் போர்டுல போடுவோம், பாத்து வாங்கிக் குடுங்க."

"ரெண்டு நகலாக் குடுங்க" என்றாள். சட்டென்று சொன்னாள். கடையில் ஏதோ வாங்குகிற மாதிரிதான் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வந்ததும் சொன்னாள்: "அந்த வக்கீலு ஏமாத்திப்போட்டான் பாரு கண்ணு. உன்னச் சின்னப் பையன்னு நெனச்சு என்னமோ சொல்லி அனுப்பியிருக்கான்."

கோவிந்தராஜுலு செத்து அப்போது பன்னிரண்டு வருடம்.

"இருக்குமுங்க" என்றேன்.

பத்தொன்பது வயதில் சொன்ன பொய்க்காவது வயது ஒரு சாக்காக இருந்தது. இது முப்பத்து நாலு வயதில் சொன்னது.

10.

நகல்கள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலுசாமியைப் பார்க்கப் போனோம். தாராபுரத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, நடுவில் புது வீடு. அவருடைய வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். 'வீட்டம்மா' என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். போடாமல் வேறென்ன போடுவது? பதினாலு வருடக் குடித்தனம், எட்டாவது படிக்கிற மகள்.

"வாங்க மாமா" என்று வாய் தவறி வந்துவிட்டது எனக்கு. அவர் வீட்டில் நான் அவரை வரவேற்கிறேன். பழைய முறைப்பேர் வேறு. சட்டப்படி அது சரிதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அக்கா ஒரு நகலை அவரிடம் கொடுத்தாள். அவர் படித்தார். உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அம்மணி, நான் தெரிஞ்சு செய்யலீங்க" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க. அந்த வக்கீலு செஞ்ச வேலை."

"வக்கீலுங்களா?" பாலுசாமி என்னைப் பார்த்தார். கெட்டவராக இருந்திருந்தால் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருப்பார். "எனக்கும் என்ற வக்கீலு கார்டு போட்டிருந்தாரே. மார்ச்சுல வாய்தா இருக்குதுன்னு. சந்தேகமாப் போயி நான் நேர்லயே வந்தனுங்களே. பஸ் ஸ்டாப்புல உங்க தம்பி நின்னுட்டு இருந்தாரு. காட்டுனேன். இது பழைய கார்டுங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சு, நீங்க உங்க வழியப் பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டாரு. அதுக்கப்புறந்தான் வைகாசியில…"

அக்கா காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"சேந்து ஒரு மனுப் போட்டுரலாமுங்க" என்றாள், எதுவுமே காதில் விழாதவள் மாதிரி. "நீங்க ரெண்டு தடவ வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அது மட்டும் வேண்டாமுங்க அம்மணி. இத்தன நாளும் நீங்கதான் என்ற சம்சாரம்னு நானே எழுதிக் குடுத்தா, உள்ள இருக்கறவ என்ன ஆவா? புள்ளைக்கு என்ன பேரு? பழைய கேஸையே எழுப்பிக்குங்க. நான் வர மாட்டேன், எதுக்கவும் மாட்டேன். சத்தியமுங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். தேங்காய் பத்துக் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டோம். மறுத்தால் மரியாதை இல்லை.

11.

பஸ் நிறுத்தத்தில் தேங்காய்ச் சாக்கை இறக்கி வைத்ததும் அக்கா கேட்டாள்.

"அன்னிக்கு எங்க போயிருந்தே?"

"படத்துக்குங்க."

"நல்லா இருந்துச்சா?"

"பாதியில தூங்கிட்டனுங்க."

பஸ் வந்ததும் முன்னால் ஏறிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்டக்டரிடம் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள்.

12.

சாராள், பாக்கியசாமிக்கு அக்கா மகள். முதல் பத்தியில் சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. அவர் நிலைமையைச் சொன்னார். புதிதாகக் கேஸ் போட்டால் வருடக்கணக்கில் ஆகலாம். பழைய கேஸை எழுப்பினால், எதிர்ப்பில்லை என்பதால் சீக்கிரம் முடியும். ஆனால் எழுப்புவதற்குத் தாமதம் 5,233 நாள். ஏன் தாமதம் என்று ஜட்ஜ் கேட்பார். எல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது.

"கோவிந்தராஜுலு சார் இல்ல. 'வக்கீல் முடிஞ்சுதுன்னார், படிக்காதவங்க, நம்பிட்டோம்'னு எழுதினா யாரும் வந்து மறுக்கப்போறதில்ல. 'தம்பி படத்துக்குப் போயிட்டான், கார்டை எரிச்சுட்டான்'னு எழுதினா, குடும்பத்துத் தப்புக்குக் கோர்ட் என்ன செய்யும்னு ஜட்ஜு தள்ளிடலாம். எது நிசமோ அதைக் கொண்டாங்க. எது நிசம்னு நான் கேக்க மாட்டேன்."

பாக்கியசாமியும் இருந்தார். அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நான் காத்திருக்கேன் தம்பி. எத்தனை நாளுன்னு மட்டும் யாராவது சொன்னாத் தேவல. எனக்கு ஐம்பத்தொண்ணு ஆவுது."

இரண்டு வாக்குமூலமும் எழுதினேன். வக்கீல் மேல் போட்டது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை. மற்றது நீங்கள் இதுவரை படித்தது.

13.

இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன். பீளமேட்டில் அவள் அறை. ஞாயிறு மத்தியானம். துவைத்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுக் கதை எழுதியிருக்கிறேன், ஒருவர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்ததில்லை.

"பொய்ய எழுதுனதுல எழுத்து அழகா இருக்குது" என்றாள்.

"எதக் குடுக்கறதுங்கக்கா? அதுன்னா வேல நடக்கும்."

"செத்தவரு மேல போடாதே. என்ற பேருக்கு ரெண்டு கார்டு எழுதியிருக்காரு அந்த மனுசன். அந்த வருசம் வேற ஆரு என்ற பேருக்கு ஒரு வரி எழுதுனாங்க?"

"ஜட்ஜு தள்ளிப்போட்டா?"

"தள்ளட்டும். அப்பறம் பாக்கலாம்." மறுபடி தாளைப் புரட்டினாள். "நீயி படத்துக்குப் போனது, மின்விசிறிக்கு அடியில உக்காந்தது எல்லாம் இருக்குது. கார்டு மெதந்ததுகூட இருக்குது. நான் எங்கடா இருக்கறேன்? துணிப்பையோட வாரேன். தோசை திங்கறேன். அவ்வளவுதானா?"

தாளை வாங்கக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"கூண்டுல ஏற வேண்டியதில்லைன்னதும் எல்லாருக்கும் சந்தோசம்னு எழுதியிருக்கே. என்னக் கேட்டயா?"

"அக்கா…"

"கோயில்ல பேசும்போது ரெண்டு ஊரு ஆம்பளைங்களும் பேசுனாங்க. அப்பா பேசுனாரு. அவரு பேசுனாரு. என்ன வெளிய உக்கார வெச்சிருந்தாங்க. ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. அம்மாவே கேக்கல. கோர்ட்டுல கேப்பாங்கன்னாரு வக்கீலு. ஜட்ஜு என்ன கேப்பாரு, நான் என்ன சொல்லோணும்னு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கையில, தண்ணி சேந்தையில, சொல்லிச் சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன். நீ வந்து வேண்டியதில்லைன்னே. என்ற வாயில தோசை இருந்துது. முழுங்குனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை ஏமாற்றிவிட்டேன் என்று பதினைந்து வருடமாகத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு கஷ்டத்தை மிச்சப்படுத்தினேன் என்றுதான் உள்ளுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. அக்கா எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன் வந்தீங்கக்கா?" என்றேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

"இப்பக் கேக்கறே" என்றாள். "கோர்ட்டுல சொல்லிக்கறேன்."

14.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். முதலில் நான். ஜட்ஜ் நாலு பக்கத்தின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "இதெல்லாம் உண்மையா?" என்றார். "உண்மைங்க" என்றேன். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றார். "தெரியலீங்க" என்றேன். இதற்கு நான் பல நாளாகத் தயாரித்து வைத்திருந்த இரண்டு நல்ல வாக்கியங்கள் இருந்தன. வரவில்லை.

அடுத்து அக்கா. குடும்ப விவகாரம் என்பதால் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். சாட்சி சொன்னவன் என்றாலும் எனக்கும் வெளியேதான் இடம். பெஞ்சில் பாக்கியசாமியும் நானும் உட்கார்ந்திருந்தோம். சுவரில் காது வைத்துக் கேட்டேன் என்று ஒரு படியில் எழுதினேன். கேட்கவில்லை. கதவருகே டவாலிச் சேவகர் நின்றுகொண்டிருந்தார், அவரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? நாற்பது நிமிடம் ஆயிற்று. தாமத மனுவுக்கு இவ்வளவு நேரமா என்று சாராளே ஆச்சரியப்பட்டதாக அப்புறம் சொன்னார். என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை. கட்சிக்காரர் சொல்ல வேண்டாம் என்றாராம்.

உத்தரவு அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி. இந்தக் கதை அதற்கு முன்னால் அச்சுக்குப் போகிறது. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. மனு ஏற்கப்பட்டது என்று நீங்கள் வைத்துக்கொண்டால், பழைய கேஸ் முடிந்து, புது நோட்டீஸ் கொடுத்து, தையில் ஒரு கல்யாணம் உண்டு, பத்திரிகை எங்கள் அச்சகத்தில்தான். தள்ளுபடி என்று வைத்துக்கொண்டால், பாக்கியசாமிக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று என்று ஆகிக்கொண்டு போகும். இருவரும் தாளே இல்லாமல் ஒரே வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்றும் சிலர் சொல்வீர்கள். அக்காவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "எழுத்து வேணும்" என்றாள்.

கதவு திறந்தது. அக்கா வந்தாள். அழுத முகமும் இல்லை, சிரித்த முகமும் இல்லை. பாக்கியசாமி எழுந்து நின்றார். அவரிடம் ஒரு தலையசைப்பு. பிறகு சேலைத் தலைப்பை உதறிச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டாருங்களாக்கா?"

"கேட்டாரு."

"சொன்னீங்களா?"

"ஒண்ணு விடாமச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"என்னன்னுங்கக்கா சொன்னீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"உனக்குச் சொல்ல மாட்டேன் கண்ணு" என்றாள். "நீ கதையில போட்டுருவே."